பனித்தரையில் ஒரு பழிச்சொல்

ஒரு நாட்டாரைப் பற்றி இன்னொரு நாட்டார் கொள்ளும் எண்ணம் எங்ஙனம் பிறக்கின்றது, எங்ஙனம் வளர்கின்றது, எப்பொழுது சாகின்றது என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் போர்களின் வரலாற்றையும் அரசர்களின் வரலாற்றையுமே புரட்டுவர். விளையாட்டின் வரலாற்றைப் புரட்டுவோர் சிலரே. விளையாட்டுத்தானே என்ற அலட்சியம் நமக்கு உண்டு. ஆயின் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்து கூவும் அரங்கின் நடுவே, இருபது இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் தன் ஆற்றலுக்காக மட்டுமன்றித் தன் நாட்டுக்காகவும் பதில் சொல்லவேண்டி நிற்கும்போது, அவ்வெண்ணத்தின் முழு உருவமும் வெளிப்பட்டுவிடுகின்றது. அத்தகைய இளைஞர் சிலரின் கதையையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நாம் அறிந்த ஹொக்கி புற்றரையில் ஆடப்படுவது. மாத்தளையிலும் கொழும்பிலும் காணப்படுவது. கனடா தேசத்தாருக்கோ ஹொக்கி என்றால் அது பனிக்கட்டித் தரையில் ஆடப்படும் ஹொக்கியே. காலிற் சறுக்குக் காலணி, கையில் வளைந்த மட்டை, பந்துக்குப் பதிலாகக் குளிரூட்டி இறுக வைத்த ஒரு றப்பர் வட்டு. பக்கத்துக்கு அறுவர். மூன்று கூறுகளாக அறுபது நிமிட ஆட்டம். எதிரியை உடலால் மோதி வீழ்த்துவதற்கு விதியே இடந்தருகின்றது. கைகலந்து குத்துவது குற்றமாயினும், வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் அக்குற்றத்துக்கு வழக்கமான தண்டனை ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருப்பது மாத்திரமே. அந்த லீக்கின் உச்சப் பரிசு ஸ்டான்லிக் கிண்ணம். கனடாவின் மகாதேசாதிபதியாயிருந்த ஸ்டான்லிப் பிரபு 1892இல் வழங்கியது அது. இன்று அக்கிண்ணத்தைக் கைக்கொள்ள விரும்பும் அணி, 'பிளே ஓவ்' என்று அவர்கள் கூறும் முடிவுச் சுற்றுகள் நான்கைக் கடத்தல் வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டங்கொண்டது. நான்கை வென்றவர் மேலேறுவர். ஏறக்குறைய இரண்டு மாத காலம் ஒருநாள் விட்டு ஒருநாள் அடிபட்டு, உதைபட்டு, பதினாறு வெற்றிகள் பெறவேண்டும். வருடம் முழுவதும் கோல் குவித்தவனும் இவ்விரண்டு மாதத்தில் சோர்ந்தானாயின் அவனை ஒருவரும் பொறுப்பதில்லை.

இவ்விளையாட்டைத் தம் பிறப்புரிமை என்றே கனடியர் கருதி வந்தனர். 1967ஆம் ஆண்டுவரை லீக்கில் ஆறே அணிகள். வீரருள் மிகப் பெரும்பாலோர் கனடியர். 1965இல் உல்ப் ஸ்டேர்ணர் என்ற சுவீடியர் நியூயோர்க் அணிக்கு நான்கே ஆட்டங்கள் ஆடித் திரும்பிப் போனார். ஐரோப்பியன் வட்டை அழகாகத் தட்டுவான், ஆனால் அடிக்கு அஞ்சுவான் என்பது அக்காலத்தில் வட அமெரிக்காவில் வேரூன்றிய தீர்ப்பு.

இத்தீர்ப்புக்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். ஐரோப்பிய ஆடுகளம் ஏறக்குறைய முப்பது மீற்றர் அகலம். வட அமெரிக்கக் களம் இருபத்தாறு மீற்றரே. அகன்ற களத்தில் ஓடவும் வட்டைக் கைமாற்றவும் இடமுண்டு. ஒடுங்கிய களத்தில் பலகைச் சுவரோரம் நெருக்கியடித்தே வட்டைப் பறிக்கவேண்டும். மேலும், எதிரியின் பக்கத்தில் வைத்து அவனை மோதுவதைச் சர்வதேச விதி 1969வரை அனுமதிக்கவேயில்லை. குத்துச்சண்டை செய்தவன் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றப்பட்டான். ஆகவே சுவீடனில் வளர்ந்த ஓர் இளைஞன் மோதாமல் ஆடினானென்றால், அது அவன் நெஞ்சின் குறையன்று. அவன் கற்ற இலக்கணம் வேறு. களத்தின் அகலத்தை இரத்தத்தின் குணமாக மொழிபெயர்த்தமையே கனடியர் செய்த பிழை. நம் ஊர்களிலும் ஊருக்கு ஒரு பட்டம், தீவுக்கு ஒரு பட்டம் சூட்டி, மண்ணும் நீரும் தொழிலும் தந்த பழக்கத்தைப் பிறவிக் குணம் என்று பேசும் பெரியோர் உளர். அவர்கள் கோபிக்கக்கூடாது, அதே பட்டங்களை இளைஞராகிய நாமும் பள்ளிக்கூட மைதானத்திற் சொல்லிச் சிரித்தவர்களே.

1972 செப்ரெம்பர் மாதத்தில் அத்தீர்ப்புக்கு முதற் பேரிடி விழுந்தது. கனடாவின் தேர்ந்த வீரருக்கும் சோவியத் அணிக்கும் எட்டு ஆட்டங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. எட்டையும் கனடாவே வெல்லும் எனக் கனடியப் பத்திரிகையாளர் பலர் எழுதினர். சோவியத் ஒரு ஆட்டத்தை வென்றாலும் தம் கட்டுரையைத் தாமே தின்பதாக ஒருவர் சபதஞ் செய்தார். சோவியத் கோல் காப்பாளன் திரேத்தியாக்குக்கு அப்பொழுது வயது இருபது. உளவு பார்க்கச் சென்ற கனடியர், அவன் பல கோல்களை விட்டுக்கொடுத்த ஓர் ஆட்டத்தைக் கண்டு, பையன் ஒன்றுக்கும் உதவான் என்று முடிவு செய்து வந்தனர். மறுநாள் அவனுக்குக் கலியாணம் என்பது அவர்களுக்குத் தெரியாது! செப்ரெம்பர் 2ஆம் திகதி மொன்றியலில் நடந்த முதலாட்டத்தில் சோவியத் அணி 7க்கு 3 என வென்றது. இருபத்து நான்கு வயது வலேரி கார்லமோவ் இரண்டு கோல் அடித்தான். சபதஞ் செய்த பத்திரிகையாளர் தம் கட்டுரையை ருசியச் சூப்பிற் கலந்து உண்டார் என்பது வரலாறு. ஆறாவது ஆட்டத்திலே கனடிய வீரனொருவன் கார்லமோவின் கணுக்காலைக் குறிவைத்து மட்டையால் அடித்தான். எட்டாவது ஆட்டத்தில், முப்பத்து நான்கு விநாடிகள் மீதியிருக்கையில் ஹெண்டர்சன் அடித்த கோலால் கனடா தொடரை 4க்கு 3 என்று தப்பிப் பிழைத்து வென்றது. கோழை யார், வீரன் யார் என்ற பழைய கணக்கு அன்றே குழம்பிப் போயிற்று. ஆனால் பழிச்சொல் சாகவில்லை. வேறு வேடம் பூண்டது. ருசியர் உணர்ச்சியற்ற யந்திரங்கள் என்றனர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1973இல், பேர்யே சால்மிங் ரொறன்ரோவுக்கு வந்தார். நம்மவர் பல்லாயிரவர் இன்று குடியிருக்கும் அதே ரொறன்ரோதான். சால்மிங் சுவீடனின் வடகோடியில், இரும்புச் சுரங்க நகராகிய கிரூனாவிற் பிறந்தவர். தந்தைவழியில் சாமி என்னும் வடதுருவப் பழங்குடியைச் சேர்ந்தவர். அவருக்கு ஐந்து வயதாயிருக்கையில் தந்தை சுரங்க விபத்திலே மாண்டார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த இருபத்திரண்டு வயது இளைஞனையும், கூட வந்த ஹமர்ஸ்ற்றோம் என்ற வீரரையும் பார்த்து 'கோழிச் சுவீடன்காரன்' என்றனர் எதிரணியினர். ஆங்கிலத்தில் கோழி என்றால் கோழை. இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியா அணிக்கு எதிராக. அடிதடிக்குப் பெயர்போன அணி அது; 1974, 1975 ஆகிய இரண்டாண்டும் கிண்ணத்தை வென்றது. அன்று சால்மிங்குக்கு மோதலும் மட்டையடியும் குறைவின்றிக் கிடைத்தன. அவர் ஆடிக்கொண்டேயிருந்தார்.

முடிவுச் சுற்றின் உண்மையான சோதனை 1976இல் வந்தது. எதிரி மீண்டும் பிலடெல்பியா. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு வீரன் சால்மிங்கின் முகத்தைக் குத்திக் குத்திச் சிதைத்தான். அத்தொடரில் நடந்தவற்றுக்காக ஒன்ராறியோ மாகாணச் சட்டமா அதிபர் பிலடெல்பியா வீரர் நால்வர்மீது குற்றவழக்கே தொடுக்கும்படியாயிற்று. அடுத்த ஆட்டத்தில் சால்மிங் வருவாரா என்று ஊரே பேசியது. வந்தார். வந்தது மாத்திரமன்று, தனித்து முன்னேறிக் காப்பாளரை ஏமாற்றி ஒரு கோலும் அடித்தார். அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. ரொறன்ரோ அவ்வாட்டத்தை வென்றது. ஆயினும் ஏழாவது ஆட்டத்தில் தொடரை இழந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் கனடாக் கிண்ணப் போட்டிக்குச் சுவீடன் நாட்டுச் சட்டையணிந்து அவர் அதே அரங்குக்கு வந்தபோது, அந்நிய அணியின் வீரனென்றும் பாராது ரொறன்ரோ மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர்.

இங்கே நாம் சற்று நின்று ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. பழிச்சொல் பொய்யாயிற்று, சரி. எதனால் பொய்யாயிற்று? அவர் அடிவாங்கிக் காட்டியதனால். வீரத்துக்குக் கனடியர் வைத்த அளவுகோலிலேயே அவர் தம்மை அளந்து காட்டவேண்டியிருந்தது. உடன்வந்த ஹமர்ஸ்ற்றோமோ விரைவும் நுட்பமும் வாய்ந்தவர், கோலும் அடித்தார், சண்டையை மாத்திரம் நாடவில்லை. சட்டைப்பையில் ஆறு முட்டைகளோடு மூலைக்குள் போனாலும் ஒன்றும் உடையாமல் வெளியே வருவார் என்று அவருடைய அணியின் உரிமையாளர் ஹரோல்ட் பலார்டே ஏளனஞ் செய்தார். எதிரி ஏசுவதைத் தாங்கலாம். சோறு போடும் வீட்டுக்காரன் ஏசினால்? சால்மிங்கைப் போற்றுபவர் ஹமர்ஸ்ற்றோமையும் நினைத்துக்கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. பழியை உடைத்தவனுக்குச் சிலை கிடைக்கின்றது. பழிக்குள் அகப்பட்டவனுக்கு அந்த ஏளனமே மிஞ்சுகின்றது.

சுவீடியருள் அடுத்த தலைமுறை வேறு வகையாக நடந்தது. பீற்றர் போர்ஸ்பேர்க் 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், கனடாவுக்கு எதிரே, தனித்தடி முறையில் ஒற்றைக் கையால் வட்டைத் தள்ளி அடித்த கோல் சுவீடனின் தபால் முத்திரையிலே பொறிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது இருபது. லீக்குக்கு வந்ததும் அவர் அடிக்குத் தப்பியோடவில்லை. மோத வந்தவனைத் தாமே முந்தி மோதினார். 1996இல் கொலராடோ அணியோடு கிண்ணத்தை வென்றார். அவரைக் கோழை என்று ஏச ஒருவரும் துணியவில்லை. ஆனால் கனடியத் தொலைக்காட்சியில் டொன் செரி என்ற பழைய பயிற்றுநர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோன்றி ஐரோப்பியரை இகழ்ந்து பேசுவது 1980களில் தொடங்கிப் பல்லாண்டு நடந்தது. அரங்கத்தில் இறந்துபோன சொல்லை வீட்டுக்கூடத்தில் உயிரோடு வைத்திருந்தவர் அவர். 2019 நவம்பரில், குடியேறியோரைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளுக்காக நிலையத்தார் அவரை நீக்கினர்.

இனி ருசியரிடம் வருவோம். 1989இல் சோவியத் கதவு திறக்கத் தொடங்கியது. இருபது வயது மொகில்னி அவ்வாண்டு ஸ்டொக்ஹோமிலிருந்து தப்பி வந்தான். 1990இல் செர்கேய் பெடரோவ் அமெரிக்காவில் தன் அணியை விட்டு நீங்கினான். அவனுக்கும் வயது இருபதுதான். தாய் தந்தையர் அங்கே, தான் இங்கே. மொழியும் சரியாய்த் தெரியாது. இவர்கள் வந்தவுடன் நடந்த புதுமை என்னவென்றால், நேற்றுவரை யந்திரம் எனப்பட்ட ருசியன் இன்று மனம்போன போக்கினன், சோம்பேறி, கிண்ணத்தில் ஆசையில்லாதவன், கூலிக்கு ஆடுபவன் எனப்பட்டான்! யந்திரத்துக்கு மனமேது, சோம்பலேது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றுக்கொன்று முரணான இரு குற்றங்களையும் ஒரே இனத்தார்மீது பத்தாண்டு இடைவெளியிற் சுமத்த முடியுமாயின், குற்றம் சுமத்துவோர் அவ்வினத்தாரைக் கூர்ந்து பார்க்கவேயில்லை என்பது தெளிவு.

1994இல் நியூயோர்க் அணி கிண்ணத்தை வென்றபோது கொவாலெவ், சூபோவ், நெம்சினோவ், கார்ப்போவ்சேவ் என நான்கு ருசியப் பெயர்கள் முதன்முறையாக அதிற் பொறிக்கப்பட்டன. கொவாலெவுக்கு வயது இருபத்தொன்று. தோற்ற வான்கூவர் அணியில் பாவெல் பூரே அச்சுற்றுகளில் பதினாறு கோல் அடித்திருந்தான். இத்தனைக்குப் பின்னரும் பேச்சு ஓயவில்லை. அப்பேச்சு முழுவதும் டிற்றோயிற் அணியின்மேல் திரண்டது. பெடரோவ், கொன்ஸ்தான்தினோவ், கொஸ்லோவ் என்ற இளையோர் மூவரையும், பெத்திசோவ், லாரியோனோவ் என்ற மூத்தோர் இருவரையும் பயிற்றுநர் ஸ்கொட்டி போமன் 1995 ஒக்ரோபரில் ஒருசேரக் களமிறக்கினார். மூத்தோர் இருவரும் சாதாரண மனிதரல்லர். சோவியத் தேசியப் பயிற்றுநரின் இரும்புப் பிடியை வெளிப்படையாக எதிர்த்து நின்றவர்கள். 1988இல், தம் நாட்டுப் பத்திரிகையிலேயே லாரியோனோவ் அவருக்கு எதிராகக் கடிதம் எழுதினார். இப்படிப்பட்ட பெரியோரின் நிழலில் அவ்விளையோர் ஆடினர். கனடிய முறையில் முட்டி மோதாமல், வட்டை முன்னும் பின்னும் கைமாற்றி எதிரியை அலைக்கழிக்கும் தம் பழைய முறையையே ஆடினர். சால்மிங் செய்யமுடியாததை ஐவர் கூடிச் செய்தனர். பிறர் அளவுகோலை ஏற்காமல் தம் அளவுகோலைக் கொண்டுவந்தனர்.

ஆயினும் முதலில் தோல்வியே கிடைத்தது. 1995 இறுதிச் சுற்றில் டிற்றோயிற் நான்கு ஆட்டமும் தோற்றது; 1996இல் கொலராடோவிடம் வீழ்ந்தது. ருசியரை நம்பினால் கிண்ணம் வராது என்றனர் பலர். 1995 முடிவுச் சுற்றுகளில் எல்லா அணியினரிலும் அதிகப் புள்ளிகள், இருபத்து நான்கு, எடுத்தவன் பெடரோவே என்பதை நினைத்துப் பார்த்தவர் சிலர்தாம். அவ்வணியின் தலைவர் இசர்மன் கனடியர். அவரையும் கிண்ணம் வெல்லத் தெரியாதவர் என்று ஏசினர். ஆனால் வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். இசர்மன் தோற்றால் இசர்மன் தோற்றார். பெடரோவ் தோற்றால் ருசியர் தோற்றனர். கனடியன் ஒருவன் பதினைந்து இருபது ஆண்டு கிண்ணமின்றி ஆடி ஓய்ந்த கதைகள் பல உண்டு. மார்செல் டியோன் அத்தகையவர். ஜோ தோர்ண்டன் அத்தகையவர். கனடியர் அனைவரும் நெஞ்சுரமற்றவர் என்று அதிலிருந்து எவரும் முடிவு கட்டவில்லை.

1997 யூன் 7ஆம் திகதி டிற்றோயிற் பிலடெல்பியாவை நான்கு ஆட்டங்களிலும் வென்று, நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் கிண்ணத்தைக் கைக்கொண்டது. ஷனகன் என்ற கனடிய வலியோனும் அவ்வாண்டு அணியிற் சேர்ந்திருந்தான் என்பதை மறைக்கவேண்டியதில்லை. பெத்திசோவும் லாரியோனோவும் கிண்ணத்தைச் சேர்ந்து தூக்கிக்கொண்டு பனித்தரையை வலம் வந்தனர். ஆறு நாட்களின் பின், விருந்திலிருந்து திரும்பிய கார் மரத்தில் மோதியது. கொன்ஸ்தான்தினோவ் உயிர் பிழைத்தார், மீண்டும் ஆடவேயில்லை. மறுவருடமும் டிற்றோயிற் வென்றது. சக்கர நாற்காலியில் பனித்தரைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் மடியிலேயே இசர்மன் கிண்ணத்தை வைத்தார். ருசியனுக்குக் கிண்ணத்தில் ஆசையில்லை என்று எழுதியவர்கள் அப்படத்தைத் தத்தம் பத்திரிகையில் வெளியிட்டனர்.

ஆகவே கதை முடிந்தது என்று எண்ணுவோமாயின் ஏமாந்தோம். 2004இல் லீக் தெரிவிலே முதலாமிடம் அலெக்சாண்டர் ஒவெச்கினுக்கும் இரண்டாமிடம் எவ்கெனி மால்கினுக்கும் கிடைத்தன. 2006இல் மால்கின் ஹெல்சிங்கியில் தன் ருசிய அணியை விட்டுப் பிரிந்து பிற்ஸ்பேர்க் வந்தபோது ஆங்கிலம் தெரியாத இருபது வயதுப் பையன். அணியின் மூத்த ருசிய வீரராகிய கொன்சார் தம் வீட்டிலேயே அவனைத் தங்கவைத்தார். படிப்புக்குக் கொழும்பு போன பிள்ளை மாமா வீட்டில் தங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அதே அணியின் கனடிய இளஞ்சிங்கம் சிட்னி குறொஸ்பியும் அப்பொழுது அணியின் முன்னாள் நாயகர் லெமியூ குடும்பத்தாரின் வீட்டிலேயே தங்கியிருந்தான். கனடியப் பிள்ளைக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது. ருசியப் பிள்ளைக்கும் வேண்டியிருந்தது. நெருக்கடியைத் தாங்கும் வலிமை நாட்டிலிருந்து வருகிறதா, இரவில் உண்ணும் சோற்றிலிருந்தும் அருகிருக்கும் மனிதரிடமிருந்தும் வருகிறதா?

2008 இறுதிச் சுற்றில் மால்கின் சோர்ந்தான். பழைய பல்லவி எழுந்தது. 2009இல் அவனே முப்பத்தாறு புள்ளிகள் எடுத்துக் கிண்ணத்தையும், முடிவுச் சுற்றின் சிறந்த வீரனுக்குரிய விருதையும் பெற்றான். அவ்விருதைப் பெற்ற முதல் ருசியன் அவன், வயது இருபத்திரண்டு. ஒவெச்கினுக்கோ அத்தகைய விரைவான விடுதலை கிட்டவில்லை. 2009இல் பிற்ஸ்பேர்க்குக்கு எதிரான ஓராட்டத்தில் அவனும் குறொஸ்பியும் மும்மூன்று கோல் அடித்தனர். தொடரை வென்றது குறொஸ்பியின் அணி. 2010, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் லீக் முழுவதிலும் முதலாவதாக வந்த வொஷிங்டன், முடிவுச் சுற்றுகளில் ஆரம்பத்திலேயே வீழ்ந்தது. ஒலிம்பிக்கில் 2010இலும் 2014இலும் ருசியா காலிறுதியிலேயே தோற்றது. எல்லாவற்றுக்கும் ஒருவனையே சுட்டினர். கணக்கைப் பார்த்தால், 2017வரை அவன் ஆடிய தொண்ணூற்றேழு முடிவுச் சுற்று ஆட்டங்களில் நாற்பத்தாறு கோல் அடித்திருந்தான். இதனினும் மேலாக ஒருவன் என்ன செய்வான்? அவன் நரைகண்ட முப்பத்திரண்டாம் வயதில், 2018 யூன் 7இல், டிற்றோயிற் வென்ற அதே திகதியில், லாஸ் வேகாசில் கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கிக் குழந்தைபோற் கத்தினான்.

சால்மிங்கின் கதையில் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவரைப் பிடித்தது, பேச்சும் போயிற்று. 2022 நவம்பரில், மரணத்துக்கு இரண்டு வாரங்கூட இல்லாதபோது, அவர் ரொறன்ரோவுக்கு அழைத்துவரப்பட்டார். கையைத் தாமாக உயர்த்த முடியவில்லை; பழைய தோழர் சிற்றலர் பக்கத்தில் நின்று அழுதார். நவம்பர் 12ஆம் திகதி ஆட்டத்தைத் தொடங்க ரொறன்ரோ அணி களத்தில் நிறுத்திய அறுவரும், காப்பாளர் உட்பட, சுவீடியர்கள்.